தண்ணீருக்காக உடுத்துவது

ஜூன் 3, சனி

காற்று பதின்மூன்று டிகிரி. தண்ணீர் பதினொன்று. மேகமே இல்லை, ஆடம்சன் சிகரத்தில் மட்டும் நேற்று விழுந்த பனி மிச்சம் இருக்கிறது. டோவர் ஊர் முழுக்கச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு திரிகிறது. இப்படிப்பட்ட நாள்தான் ஆளைக் கொல்லும்.

காலையில் ட்ரை சூட்டை, தண்ணீர் புகாத என் கயாக் உடையை, கொட்டகையிலிருந்து எடுத்தேன். கழுத்து ரப்பரிலும் மணிக்கட்டு ரப்பரிலும் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தேன். இல்லை. பவுடர் தடவினேன். ஜிப் இரண்டுக்கும் மெழுகு. முன்னால் மார்புக்குக் குறுக்கே இருப்பது உடைக்குள் ஏறி இறங்க. பின்னால் இடுப்புக்குக் கீழே இருப்பது ஒதுங்குவதற்கு. குளியல் தொட்டியை நிரப்பி, உடைக்குள் காற்றை அடைத்து, தண்ணீருக்குள் அமுக்கினேன். குமிழி வரவில்லை. மறுபடி அமுக்கினேன். வரவில்லை.

அடுத்த ஞாயிறு இந்தப் பருவத்தின் முதல் குப்பைப் பயணம். கயிறு, மிதவை, பிளாஸ்டிக் பட்டை எல்லாவற்றையும் சாலை போகாத கரைகளில் கொண்டுவந்து ஒதுக்குவது குளிர்காலப் புயல்தான். அதனால் நாங்கள் கயாக் படகில் போய்ப் பொறுக்குவதும் குளிர்காலத்தில்தான். இந்தத் தென்கோடியில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் குளிர்காலம். குழுவை நடத்தும் வெஸ் கூப்பிட்டான். "வர்றேல்ல?"

வருகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 5, திங்கள்

காலையில் பேருந்தில் இருபத்திரண்டு பிள்ளைகள். பள்ளியில் இறக்கிவிட்டுக் கடைசி இருக்கை வரை நடந்து பார்த்தேன். யாரும் தூங்கிக் கிடக்கவில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு வந்து உட்கார்ந்து, எழுந்து, இன்னொரு முறை நடந்தேன்.

மாலையில் கடைக்குப் போனால் டெல்மா. நெவிலின் மனைவி. (வேறு சொல் எழுத வரவில்லை.) உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உறைந்த மீன் வைக்கும் பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றேன், அவர் போகும் வரை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது.

பால் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 7, புதன்

தங்கை கோரலி வந்துவிட்டாள். பத்தொன்பது வருடம் வடக்கே கெய்ர்ன்ஸில் இருந்துவிட்டு, இரண்டு பையும் ஒரு துடுப்புமாக. புருஷனைப் பற்றிக் கேட்டதற்கு ஒரே பதில்: "அவன் அங்க, நான் இங்க. கதை முடிஞ்சுது, ஏவி. அடுப்புல இன்னும் ரெண்டு கட்டை போடு."

கோரலி அங்கே சுற்றுலாப் பயணிகளைக் கயாக்கில் கூட்டிப்போகிற வேலை பார்த்தவள். துடுப்புப் போடுவதில் நான் அவள் கால் தூசிக்கு ஆகமாட்டேன். ஆனால் அவள் கடல் வெந்நீர். ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்கிறாள். என்ன போட்டுக்கொள்வாய் என்று கேட்டேன். பையிலிருந்து கையில்லாத மெல்லிய ரப்பர் உடை ஒன்றை எடுத்துக் காட்டினாள். நீச்சல் உடையைவிடக் கொஞ்சம் தடிமன்.

"மேல ஒரு ஹூடி போட்டுக்கறேன். போதுமே."

ஹூடி. பருத்தி.

நனைந்தால் உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும் துணி.

ஜூன் 11, ஞாயிறு

போனோம், வந்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

வெஸ்ஸிடம் இருந்த பழைய ட்ரை சூட்டைக் கோரலிக்கு வாங்கி வைத்திருந்தேன். படகுத்துறையில் அவள் தலையைக் கழுத்து ரப்பருக்குள் நுழைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பாதியில் கத்த ஆரம்பித்துவிட்டாள்.

"கோழி முட்டையை முழுங்கற பாம்பு மாதிரி இருக்கு. முட்டை நானு. எடு! எடு ஏவி, மூச்சு முட்டுது!"

எடுத்தேன். மறுபடி போட்டேன். வெஸ் துடுப்பில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தான். "பாத்துக்கம்மா, உங்கக்கா இந்த வருஷம் தண்ணி போலீஸ்ல சேர்ந்துட்டா. உள்ளாடை என்ன துணின்னு கேக்காம விடமாட்டா."

உண்மைதான், கேட்டேன். அவனையும் கேட்டேன். கம்பளியா, பருத்தியா? காலுக்கு எத்தனை உறை? மாற்றுத்துணிப் பை கட்டியாயிற்றா? விசில் எங்கே? எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். முதல் நிமிஷம் மூச்சு, அடுத்த பத்து நிமிஷம் கை, அதற்கப்புறம் ஒரு மணி நேரம் உயிர் — குளிர்ந்த தண்ணீர் கொடுக்கிற தவணை அவ்வளவுதான். வெயிலைப் பார்த்து உடுத்தக் கூடாது, தண்ணீரைப் பார்த்து உடுத்த வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே என் குரல் அலுத்துவிட்டது.

ஆறு மூட்டை கயிறு. போகும்போதும் வரும்போதும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போனோம். நான் கரைப் பக்கமே பார்த்துக்கொண்டு துடுப்புப் போட்டேன்.

ஜூன் 18, ஞாயிறு

மழை. பயணம் இல்லை. நிம்மதி.

கோரலி ரொட்டி வாட்டிக்கொண்டே கேட்டாள். "அந்த நெவில் விஷயம் என்னதான் நடந்துச்சு? ஊர்ல எல்லாரும் உன்கிட்ட பேசறப்ப மட்டும் அந்தப் பேரை எடுக்கறதில்ல."

சொன்னேன். பத்து மாதத்தில் முதல் முறையாக வாய்விட்டு.

போன ஆகஸ்ட் இருபத்தெட்டு. அன்றைக்கு நல்ல வெயில், கண்ணாடி மாதிரிக் கடல். நெவிலுக்கு அறுபத்தாறு வயது. குழுவில் எல்லாருக்கும் பிடித்த ஆள். ஜீன்ஸ், பனியன், அதன் மேல் பருத்தி ஹூடி, அதற்கு மேல் லைஃப் ஜாக்கெட். துறையில் அவர் பக்கத்தில் நான்தான் நின்றிருந்தேன். ஜீன்ஸைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "என்ன பாக்கற? நான் என்ன விழறதுக்கா போறேன், குப்பை பொறுக்கத்தானே போறேன்," என்றார். சொல்ல வாயெடுத்தேன். பெரியவர், எல்லார் முன்னாலும் எப்படி... சிரித்துவிட்டேன். சிரிப்பு. அதுதான் நான் செய்தது.

கரையிலிருந்து நூற்றைம்பது மீட்டர் இருக்காது. மிதந்துகொண்டிருந்த ஒரு மஞ்சள் மிதவையை எடுக்கச் சாய்ந்தார். கவிழ்ந்தார். நான் போய்ச் சேர மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். முகம் சாம்பலாக இருந்தது. என் படகின் கயிற்றைப் பிடிங்க நெவில், பிடிங்க, என்று கத்தினேன். "பிடிச்சிட்டுத்தான் இருக்கேன்," என்றார். மிக மரியாதையாகச் சொன்னார். கை திறந்தே இருந்தது. கயிறு அவர் உள்ளங்கைக்கு மேலே சும்மா கிடந்தது.

கரைக்குக் கொண்டுவந்தபோது இதயம் நின்றிருந்தது. விசாரணையில் யார் மேலும் குற்றமில்லை என்று எழுதினார்கள். ஜீன்ஸை நான் பார்த்ததை அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ரொட்டி கருகிவிட்டது. கருகிய பக்கத்தைக் கோரலி சுரண்டி என் தட்டில் வைத்தாள்.

ஜூன் 29, வியாழன்

பேருந்தை மூன்று முறை நடந்து பார்த்தேன்.

ஜூலை 9, ஞாயிறு

தெற்கே போனோம். குளிர் ஆறு டிகிரி. எல்லாரும் ஒழுங்காக உடுத்தியிருந்தார்கள். குளிர் தெரிகிற நாளில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கோரலியைத் துறையை ஒட்டி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து எழச் சொன்னேன். உடைக்குள் மிச்சமிருக்கும் காற்று கழுத்து வழியாகப் புஸ்ஸென்று வெளியேற வேண்டும். வெளியேறியது. "இதுக்குப் பேரு மானமிழக்கிறது," என்றாள். பிறகு, தன் பின் ஜிப் மூடியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள். என்னுடையதையும் கடைசி இரண்டு அங்குலம் இழுத்துவிட்டாள். அந்த இரண்டு அங்குலம் நமக்குக் கண்ணில் படாது, கைக்கும் சரியாக எட்டாது. யாராவது பார்த்துத்தான் ஆக வேண்டும்.

வீட்டில் அவள் இருப்பது நன்றாகத்தான் இருக்கிறது. இதையும் எழுதி வைக்கலாமே.

ஜூலை 19, புதன்

சண்டை. நான் அவள் துணிகளைத் துவைக்க எடுத்தபோது லேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "பொணத்தை வாசல்ல வச்சுக்கிட்டு வாழற மாதிரி வாழற ஏவி நீ," என்றாள்.

கதவை அவள் அறையவில்லை. நான்தான் அறைந்தேன்.

ஜூலை 24, திங்கள்

உயிரோடு இருக்கிறேன். எழுத்துதான் கோணலாக வருகிறது. நேற்று நடந்ததை இன்றே எழுதாவிட்டால் எனக்கு வசதியாக மாற்றிக்கொண்டுவிடுவேன்.

ஹோப் தீவுக்குப் போனோம். வெஸ், கோரலி, நான், புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பதி. காலையில் காற்றே இல்லை. தீவின் மேற்குக் கரையில் மதியம் வரை பொறுக்கினோம். சாப்பிட உட்கார்ந்தபோது பார்த்தேன்: கோரலியின் கழுத்து ரப்பருக்கு அடியில் சாம்பல் நிறத்தில் துணி எட்டிப் பார்த்தது. ஹூடியின் கழுத்துப்பட்டி. ரப்பருக்கும் தோலுக்கும் நடுவே துணி இருந்தால் அது தண்ணீருக்கு வழி காட்டும் திரி. உள்ளே போவது நிற்கவே நிற்காது.

கேட்டேன். "அந்த ரப்பர் கழுத்துல நேரா பட்டா எனக்கு மூச்சு முட்டுது. ஓரத்துல கொஞ்சம் துணி இருந்தா சமாளிச்சுக்கறேன். சின்ன விஷயம்," என்றாள்.

சின்ன விஷயம். அதற்கப்புறம் நான் பேசியதை எழுதக் கூசுகிறது. எல்லார் முன்னாலும் பேசினேன். புதுத் தம்பதி கையில் பாதி கடித்த, சிப்பிக்கறி அடைத்த ரொட்டியோடு உறைந்து உட்கார்ந்திருந்தார்கள். "சாகணும்னா கெய்ர்ன்ஸ்லயே செத்திருக்கலாமே, எதுக்கு இவ்வளவு தூரம் வந்த?" — இதைச் சொன்னது நான்தான்.

கோரலி எழுந்து நின்றாள். அங்கேயே, ஆறு டிகிரி காற்றில், உடையை இடுப்பு வரை உரித்து, ஹூடியைக் கழற்றி மணலில் எறிந்தாள். கம்பளி மட்டும் போட்டு மறுபடி ரப்பருக்குள் தலையை நுழைத்தாள். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. தலை வெளியே வந்தபோது கண்ணில் தண்ணீர். ரப்பரினாலோ என்னாலோ.

"நெவில்கிட்ட சொல்லாததை எல்லாம் என்கிட்ட சொல்லித் தீத்துக்கற," என்றாள். "நான் நெவில் இல்ல."

வெஸ், "சரி சரி, காத்து திரும்பறதுக்குள்ள கெளம்பலாம்," என்றான்.

நான் புதருக்குப் பின்னால் ஒதுங்கப் போனேன். பின் ஜிப்பைத் திறந்தேன். மூடினேன். மூடினேன் என்றுதான் நினைத்தேன். யாரையாவது பார்க்கச் சொல்ல வேண்டும் — தெரியும். பார்க்கச் சொல்ல வேண்டியவள் அவள். அவள் முதுகைக் காட்டிப் படகில் உட்கார்ந்திருந்தாள். கேட்க வாய் வரவில்லை. என் கையால் தடவிப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன், ஏறிவிட்டேன்.

காற்று தென்மேற்காகத் திரும்பியிருந்தது. தீவின் முனையில் அலை பாறையில் மோதித் திரும்பி வந்து, வருகிற அலையோடு முட்டிக்கொண்டது. எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாத இடம். வெஸ்ஸும் தம்பதியும் முனையைத் தாண்டிவிட்டார்கள். கோரலி எனக்கு முப்பது மீட்டர் முன்னால். நான் கடைசி. இடப்பக்கம் ஒரு அலை தூக்கியது, துடுப்பு காற்றை வெட்டியது, அவ்வளவுதான்.

தலைகீழ். இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடும் மடித்திரையைப் பிடுங்கி வெளியே வந்தேன். முகத்தில் அறைந்த குளிரில் மூச்சு தானாகவே உள்ளே உள்ளே இழுத்தது. இது முதல் நிமிஷம், இது போய்விடும், உடை இருக்கிறது, உனக்கு ஒன்றும் ஆகாது — சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் பின்னால், இடுப்புக்குக் கீழே, ஒரு குளிர். ஒரு கோடு. கோடு விரிந்தது. தொடை, முழங்கால், பாதம் என்று உடைக்குள்ளேயே தண்ணீர் நடந்து போனது.

ஜிப்.

விசிலை ஊதினேன். ஒலி வந்ததா என்று தெரியவில்லை. கால்கள் கனக்க ஆரம்பித்தன, யாரோ சிமெண்டு ஊற்றுவது போல.

கோரலி திரும்பியிருந்தாள். வந்துகொண்டிருந்தாள்.

"என்னைப் பாரு. ஏவி, என்னைப் பாரு! மூச்சை வெளிய விடு. பொறந்தநாள் மெழுகுவத்தி ஊதற மாதிரி ஊது. இன்னொண்ணு ஊது."

"ஜிப்... பின்னால..."

"புரியுது. பேசாத. உன் படகை விடு, போனா போகட்டும். என் படகோட மூக்கைக் கட்டிப்பிடி."

"பிடிச்சிருக்கேன்."

அவள் முகம் மாறியது. "பிடிக்கல ஏவி. உன் கை தொறந்திருக்கு. முழங்கையைப் போடு. விரலை மறந்துடு, முழங்கையை மேல போடு!"

கையைப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது. பிடித்திருப்பதாக என் உடம்பு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. கை மட்டும் பிடிக்கவில்லை. ஐயோ நெவில். நீங்க பொய் சொல்லல.

முழங்கைகளைப் போட்டேன். கன்னத்தைப் படகின் மேல் வைத்தேன். என்னையும் என் உடைக்குள் இருந்த கடலையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு அவள் துடுப்புப் போட்டாள். எண்பது மீட்டர் இருக்கும் என்று வெஸ் பிறகு சொன்னான். ஒவ்வொரு வீச்சுக்கும் என் பெயரைச் சொன்னாள். பதில் சொல்லாவிட்டால் திட்டினாள். சின்ன வயதில் திட்டிய அத்தனை வசவையும் திட்டினாள்.

கரையில் என்னால் நிற்க முடியவில்லை. கால்கள் இரண்டும் தண்ணீர் மூட்டை. இழுத்துப் பார்த்தாள், நகரவில்லை. லைஃப் ஜாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்து இரண்டு கணுக்காலிலும் உடையைக் கிழித்தாள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே போனது.

அப்புறம் துண்டு துண்டாகத்தான் நினைவு. என் மாற்றுத்துணிப் பையை அவள் பல்லால் அவிழ்த்தது. வெஸ் கூடாரத் துணியோடு ஓடி வந்தது. அதற்குள்ளே மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது. என் பல் அடித்துக்கொண்ட சத்தம். சர்க்கரை போட்ட சூடான தேநீரைக் கோரலி என் வாயில் வைத்துப் பிடித்தது. அவள் உதடும் நீலமாக இருந்தது.

"ரெண்டு அங்குலம்," என்றாள். "மூணுகூட இருக்கலாம்."

முப்பத்தேழு இருக்க வேண்டிய உடம்புச் சூடு முப்பத்து நான்குக்குக் கீழே என்றார் மருத்துவர். இன்று பேருந்துக்கு வேறு ஆள்.

ஜூலை 26, புதன்

கோரலியிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு? பேசினதுக்கா, ஜிப்புக்கா?" என்றாள். இரண்டுக்கும் என்றேன்.

"பேசினதுக்கு மட்டும் போதும். ஹூடி விஷயத்துல நீ சொன்னது சரி. அதோட நான் தண்ணியில எறங்கியிருந்தா..." முடிக்கவில்லை. "ஆனா சொன்ன விதம் இருக்கே. வெளக்குமாத்தால அடிச்ச மாதிரி."

ஜூலை 29, சனி

தெரியாமல் நடந்தது இல்லை. இதுதான் என்னை விடாமல் அரிக்கிறது. இந்த ஊரிலேயே ஜிப்பைப் பற்றி அதிகம் பேசுகிறவள் நான். கோபத்தில் இருந்தேன், கேட்க வெட்கப்பட்டேன், அதனால் செய்யவில்லை. அன்றைக்கு நெவிலிடமும் வெட்கப்பட்டுத்தான் சொல்லாமல் விட்டேன். பயந்து பயந்து எல்லாவற்றையும் பார்த்தேனே, இந்த வெட்கத்தை ஏன் ஒரு நாளும் பார்க்கவில்லை?

டெல்மாவிடம் போக வேண்டும்.

ஜூலை 30, ஞாயிறு

போகவில்லை.

ஆகஸ்ட் 2, புதன்

அவர் வீட்டுத் தெரு முனை வரை போய்த் திரும்பினேன். பேருந்துத் தடத்தில் இல்லாத தெரு. வேறு வேலை இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 5, சனி

போனேன்.

டெல்மா விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, கையுறையைக் கழற்றாமலே, "விழுந்துட்டியாமே," என்றார்.

ஆமாம் என்றேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொல்லிவிட்டேன்: அன்றைக்குத் துறையில் நெவில் ஜீன்ஸ் போட்டிருந்ததைப் பார்த்தேன். சொல்லவில்லை. சிரித்தேன். விசாரணையிலும் சொல்லவில்லை.

இன்னொரு கட்டையை எடுத்து அடுக்கில் வைத்தார். சரியாக உட்காரவில்லை. திருப்பி வைத்தார்.

"நீ மட்டுந்தான் பாத்த மாதிரி சொல்ற. வெஸ் பாக்கலியா? துறையில நின்ன எல்லாரும் பாக்கலியா? அந்த ஜீன்ஸை நான்தாம்மா தொவச்சேன். அடுப்புப் பக்கத்துல காயப் போட்டு, காலையில சூடா இருக்கட்டும்னு நானே எடுத்துக் குடுத்தேன்."

கீழே கிடந்த ஒரு கட்டையை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"சொல்லியிருக்கலாம்," என்றார் பிறகு. "நீ சொல்லியிருக்கலாம். இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா என் கோவம் அதுக்கில்ல. பதினோரு மாசமா நீ வரவே இல்லியே. கடைசியா அவர்கூட இருந்தவ நீதான். கேக்கறதுக்கு எனக்கு வேற யாரு இருக்கா? மீன் பெட்டிக்குப் பின்னால போய் ஒளிஞ்சா எனக்குத் தெரியாதா? தொப்பியில இருக்கற குஞ்சம் மேல தெரிஞ்சுது."

அழுதேன். அவர் அழவில்லை.

"என்ன சொன்னாரு? கடைசியா."

சொன்னேன். கயிற்றைப் பிடிக்கச் சொன்னேன், பிடிச்சிட்டுத்தான் இருக்கேன்னு சொன்னார், பிடிச்சிருக்கல.

டெல்மா கையுறையைக் கழற்றி விறகின் மேல் வைத்தார். "அப்படித்தான் சொல்லுவாரு," என்றார். "ஏணி சாயறப்பவும் அதையேதான் சொல்லுவாரு, மனுஷன்." ஒரு சிரிப்பு வந்தது, பாதியில் உடைந்துவிட்டது. அப்போதுதான் அழுதார்.

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை, என்றேன். எனக்கும் அதே மாதிரி ஆயிற்று. பிடித்திருப்பது போலவே இருக்கும். வலிக்கக்கூட வலிக்காது.

"வலிக்காதா?"

"கையில வலிக்கல. எனக்கு வலிக்கல."

உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது, வாசலில், அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கரையிலிருந்து இல்லை. தண்ணீரிலிருந்து.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கோரலியிடம் சொன்னேன். "ரெண்டு பேர் ஒக்கார்ற படகு வெஸ்கிட்ட இருக்கு. பின்னால நான் ஒக்கார்றேன்," என்றாள், ஏற்கெனவே முடிவான விஷயம் போல. எனக்குத்தான் பயம். டெல்மாவுக்கும் நெவிலின் அதே அறுபத்தாறு வயது. ஒருநாள்கூடக் கயாக்கில் ஏறியதில்லை. அதே தண்ணீர்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

வெஸ் எல்லாரையும் கூப்பிட்டு ஒரு வழக்கம் சொன்னான். தண்ணீரில் இறங்குமுன் இரண்டிரண்டு பேராக நின்று ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகும். கோபமாக இருந்தாலும். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

டெல்மாவை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போய், கடன் வாங்கிய ட்ரை சூட்டில் மிதக்கவிட்டோம். கவிழ்ந்தால் எப்படி வெளியே வருவது என்று கோரலி காட்டினாள். நான்கு முறை கவிழ்த்தோம். நான்காவது முறை டெல்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து, "போதும்டி, இதுக்கு மேல கவுத்தா நான் மீனாத்தான் போவேன்," என்றார்.

ஆகஸ்ட் 28, திங்கள்

ஒரு வருடம். இன்றைக்கே போகலாமா என்று டெல்மாவிடம் கேட்டிருந்தேன். "அந்த நாள்ல நான் வீட்ல இருக்கணும்," என்றார். பள்ளி முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். இருவரும் விறகு அடுக்கினோம்.

பேருந்தை இன்று ஒரு முறைதான் நடந்து பார்த்தேன். இப்போதுதான் கவனிக்கிறேன்.

செப்டம்பர் 2, சனி

நாளை. காற்று மணிக்குப் பத்து கிலோமீட்டர்கூட இல்லை என்கிறார்கள். தண்ணீர் பத்தரை. துணிகளை அடுக்கிவிட்டேன். இன்னொரு முறை பார்க்க வேண்டும் போல இருக்கிறது. பார்க்கப் போகிறேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

ஒன்பது மணிக்குத் துறையில் இருந்தோம். வெயில். வெறும் சட்டையோடு ஒரு ஆள் நாயை நடத்திக்கொண்டு போனான்.

டெல்மாவுக்கு உடுத்திவிட அரை மணி நேரம் ஆயிற்று. கம்பளி உள்ளாடை மேலும் கீழும், அதன் மேல் தடித்த கம்பளிச் சட்டை, இரண்டு ஜோடிக் காலுறை. கழுத்து ரப்பரில் தலை மாட்டிக்கொண்டபோது உள்ளேயிருந்து குரல் வந்தது: "கோரலி, என் காது ரெண்டும் எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லு." கோரலி தன் இரண்டு கைகளையும் உள்ளே விட்டு ரப்பரை விரித்துப் பிடித்தாள். "பயப்படாதீங்க, எனக்கும் இப்படித்தான். மூச்சை வெளிய விடுங்க. ஊதுங்க." தலை வெளியே வந்தது, முடியெல்லாம் நட்டுக்கொண்டு.

கோரலி என் ஜிப்பைப் பார்த்தாள். நான் டெல்மாவுடையதைப் பார்த்தேன். டெல்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, கோரலியுடையதைப் பார்த்தார். "மூடியிருக்கு," என்றார், பல்லால் கடிக்காத குறையாக இழுத்துப் பார்த்துவிட்டு.

வெஸ் முன்னால் போனான். நான் அவர்கள் படகை ஒட்டியே போனேன். இடத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் துடுப்பை நிறுத்தியதும் டெல்மாவும் நிறுத்திவிட்டார். கரை பக்கத்தில் இருந்தது. அங்கே ஒருவர் பேசினால் கேட்கும். டெல்மா கரையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், மறுபடி கரையைப் பார்த்தார்.

"இவ்வளவு கிட்டவா," என்றார்.

நான் அவர் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் வலது கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார். கோரலி என்னைப் பார்த்தாள். நான் தடுக்கவில்லை. டெல்மா கையை மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் விட்டார். எடுக்கவில்லை. தோல் சிவந்தது, பிறகு வெளுத்தது. படகு மெல்லத் திரும்பியது. எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை.

கையை எடுத்து விரல்களை மடக்கிப் பார்த்தார். அவை மடங்க யோசித்தன.

"இப்படியா இருந்துச்சு அவருக்கு."

"ஆமா," என்றேன்.

கையை என் பக்கம் நீட்டினார். என் கம்பளித் தொப்பியைக் கழற்றி அதில் துடைத்து, என் இரண்டு கைக்குள் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு விரலாகக் கையுறைக்குள் நுழைத்துவிட்டேன். சுண்டுவிரல் தவறி மோதிர விரலோடு போய்விட்டது. வெளியே எடுத்து, சரியாக நுழைத்தேன்.